குளத்தைக் காப்பாற்றிய திவான்

ஒரு ஊர் சுத்தமான ஊர்தானா? இதைத் தெரிந்துகொள்ள ஊர் முழுவதும் சுற்ற வேண்டியதில்லை. அந்த ஊரின் குளத்தைப் பார்த்தால் போதும்.

வீடுகளின் அடுப்படியில் மிஞ்சுகிற கழிவு எங்கே போகிறது? பாத்திரம் கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? எச்சில் இலை எங்கே விழுகிறது? இத்தனை கேள்விகளுக்கும் குளம் பதில் சொல்லிவிடும்.

புதுக்கோட்டை நகரில் சாந்தநாத சுவாமி கோவிலை அடுத்துப் பல்லவன் குளம் இருக்கிறது. அதே நகரில் புதுக்குளம் என்ற பெரிய நீர்நிலையும் இருக்கிறது. இந்த இரண்டு குளங்களின் கதையைச் சொல்லும்போது ஒருவருடைய பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அவர்தான் சர் ஏ. சேஷையா சாஸ்திரி.

அவர் ராஜா அல்ல. புதுக்கோட்டையில் பிறந்தவரும் அல்ல. தமது ஐம்பதாவது வயதில் அந்த ஊருக்கு வேலை பார்க்க வந்தார். பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்தார். அந்தப் பதினாறு ஆண்டுகளில் நகரத்தின் முகமே மாறிப்போயிற்று.

ஏழைக் குடும்பத்துப் பிள்ளை

தஞ்சாவூர்ச் சீமையில் அமராவதி என்று ஒரு சிறிய கிராமம். அங்கே ஓர் ஏழை வைதீகக் குடும்பத்தில் 1828-ஆம் ஆண்டு சேஷையா பிறந்தார்.

அவர் பெயருக்கு முன்னால் உள்ள 'ஏ' என்ற எழுத்து இந்த அமராவதியைத்தான் குறிக்கிறது. பிற்காலத்தில் சிலர் அதை 'அலெக்ஸாண்டர்' என்று நினைத்துக்கொண்டு அப்படியே எழுதியும் விட்டார்கள். அவருக்கும் அலெக்ஸாண்டருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஏழைக் கிராமத்தின் பெயரைத்தான் அவர் கடைசிவரை சுமந்தார்.

சிறு வயதிலேயே உறவினருடன் சென்னைப் பட்டணத்துக்கு வந்தார். ஆண்டர்சன் என்ற பாதிரியார் நடத்திய பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் கற்றார். அதன்பிறகு பவல் துரை தலைமை ஆசிரியராக இருந்த உயர்தரப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தார். அந்தப் பள்ளிக்கூடமே பிற்காலத்தில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. திவான் சர் டி. மாதவராவும் அங்கே படித்தவர்தான்.

1848-ல் சேஷையா படிப்பை முடித்துப் பட்டம் பெற்றார். அப்போது சென்னையில் சர்வகலாசாலையே கிடையாது. இங்கிலீஷ் படித்துத் தேறியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

குமாஸ்தா திவான் ஆனார்

அதே 1848-ல் அவருக்கு ரெவினியூ போர்டு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. பிறகு ஆந்திரக் கடற்கரையில் உள்ள மசூலிப்பட்டினத்தில் பல ஆண்டுகள் ரெவினியூ உத்தியோகம் பார்த்தார். தாசில்தாராகவும் இருந்தார்.

1864 நவம்பர் முதல் தேதி அந்த ஊரைப் பெரும் புயல் தாக்கியது. கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. சுமார் 30 ஆயிரம் பேர் மாண்டார்கள்.

புயல் ஓய்ந்த பிறகு இரண்டாவது ஆபத்து தலைகாட்டியது. குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. கிணறுகளில் உப்பு நீர் நிறைந்திருந்தது. தெருவெங்கும் சேறும், அழுகிய பொருள்களும், பிணங்களும் கிடந்தன. உயிர் தப்பியவர்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். ஊரையும் சுத்தம் செய்ய வேண்டும். இந்த நிவாரண வேலையில் சாஸ்திரியாரும் முன்நின்று உழைத்தார்.

வெள்ளத்துக்குத் தப்பியவனை அழுக்குத் தண்ணீர் கொன்றுவிடும். புயல் அடித்த ஊர்களில் வேலை பார்த்தவர்கள் எல்லோரும் கண்ட உண்மை இது.

அவருடைய திறமை மேலிடத்துக்குத் தெரிந்தது. 1872-ல் திருவாங்கூர் சமஸ்தானத்தின் திவான் ஆனார். ஐந்து ஆண்டுகள் அந்தப் பதவியில் இருந்தார். 1877-ல் அதை விட்டு விலகினார்.

அடுத்த ஆண்டே புதுக்கோட்டை அவரை அழைத்தது.

தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு

1878-ல் சாஸ்திரியார் புதுக்கோட்டைத் திவானாகப் பொறுப்பேற்றபோது அங்கே நிலைமை நன்றாக இல்லை. ராஜா ராமச்சந்திர தொண்டைமான் ஆண்டுகொண்டிருந்தார். சமஸ்தானத்துக்குக் கடன் இருந்தது. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் கிழவர் கிழவிகள் கதை சொல்கிறார்களே, அந்தக் கொடிய பஞ்சம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது.

சமஸ்தானம் பெரியதல்ல. ஏறக்குறைய 1,180 சதுர மைல்தான். அதன் பெரும்பகுதிக்குக் காவிரித் தண்ணீர் எட்டாது. மழை பெய்தால்தான் தண்ணீர். பெய்த மழையைத் தேக்கி வைக்கப் பெரியவர்கள் ஆயிரக்கணக்கில் குளங்களையும் கண்மாய்களையும் வெட்டி வைத்திருந்தார்கள்.

வெட்டியது முன்னோர். காப்பாற்ற வேண்டியது பின்னோர். ஆனால் காப்பாற்றப் பணம் வேண்டுமே!

அப்போது நிலவரி வாங்குவதில் 'அமானி' என்று ஒரு முறை இருந்தது. விளைச்சலில் ஒரு பங்கைச் சர்க்கார் தானியமாகவே எடுத்துக்கொள்ளும். அறுவடைக் களத்துக்குக் காவல் போட வேண்டும். அளக்க ஆள் வேண்டும். சேர்த்துவைக்கக் களஞ்சியம் வேண்டும். வழியில் சிந்துவது ஒரு பங்கு, திருட்டுப் போவது ஒரு பங்கு. அதிகமாக விளைவித்தால் அதிகமாகப் பிடுங்குவார்கள் என்று குடியானவனுக்கும் ஊக்கம் இருக்காது.

சாஸ்திரியார் இந்த அமானி முறையை எடுத்துவிட்டார். நிலத்துக்கு இவ்வளவு பணம் என்று வரியைத் திட்டப்படுத்தினார். கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று குடியானவனுக்கு முன்கூட்டியே தெரிந்தது. வரவு எவ்வளவு என்று சர்க்காருக்கும் தெரிந்தது.

கணக்கு நேரானதும் கையில் பணம் தங்கியது. அந்தப் பணத்தில்தான் ரோடுகளும் கட்டடங்களும் குளத்து வேலைகளும் நடந்தன.

அடுப்படியும் குளமும்

இந்த இடத்தில் வாசகர்கள் அந்தக் காலத்து வீட்டுக்குள் கொஞ்சம் எட்டிப் பார்க்க வேண்டும்.

கிராமத்து வீட்டில் எதுவும் வீணாவதில்லை. அரிசி களைந்த தண்ணீரும் வடித்த கஞ்சியும் கழுநீர்ப் பானைக்குப் போகும். அதை மாடு குடிக்கும். காய்கறித் தோலையும் மாடு தின்னும். அடுப்புச் சாம்பல் பாத்திரம் துலக்க உதவும். பாத்திரம் கழுவிய தண்ணீர் கொல்லையில் உள்ள வாழைக்குப் பாயும். எச்சில் இலையும் சாணமும் எருக்குழியில் மக்கும். அடுத்த பட்டத்துக்கு அதுவே உரம்.

நகரத்தில் இப்படி நடக்குமா? வீட்டோடு வீடு ஒட்டியிருக்கிறது. கொல்லை சிறியது. எல்லார் வீட்டிலும் மாடு இல்லை. கழிவு தெருவுக்கு வருகிறது. தெருவில் கிடப்பதை மழை அடித்துக்கொண்டு போகிறது. மழைத் தண்ணீர் எங்கே போகும்? பள்ளத்துக்குப் போகும். ஊரில் பள்ளமான இடம் எது? குளம்!

அந்தக் குளத்தில்தான் குளிக்கிறார்கள். அதில்தான் துணி துவைக்கிறார்கள். குடத்தை முக்கி வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோகிறவர்களும் அதே படித்துறையில்தான் இறங்குகிறார்கள். காலையில் அடுப்படியிலிருந்து வெளியே போன அழுக்கு, மாலையில் குடத்தில் ஏறி அதே அடுப்படிக்குத் திரும்பி வருகிறது.

நம் பெரியவர்களுக்கு இந்த ஆபத்து தெரிந்தே இருந்தது. அதனால்தான் குடிப்பதற்கென்று தனியாக ஊருணி வைத்தார்கள். புதுக்கோட்டைச் சீமையிலும் ராமநாதபுரச் சீமையிலும் ஊருணிகள் நிறைய உண்டு. ஊருணியில் குளிக்கக்கூடாது. கால் கழுவக்கூடாது. மாட்டை இறக்கக்கூடாது. கட்டுப்பாடு இருந்த ஊரில் தண்ணீர் நன்றாக இருந்தது. கட்டுப்பாடு தளர்ந்த ஊரில் வாந்திபேதி வந்தது.

நேரான வீதிகள்

புதுக்கோட்டை நகருக்கு ஒரு நல்ல அதிர்ஷ்டம் இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, தஞ்சாவூரில் ரெசிடெண்டாக இருந்த பிளாக்பர்ன் துரையின் யோசனைப்படி, அகலமான நேர் வீதிகள் போடப்பட்டிருந்தன. கீழ ராஜ வீதி, மேல ராஜ வீதி, தெற்கு ராஜ வீதி, வடக்கு ராஜ வீதி என்று நான்கு பக்கமும் வீதிகள். அவற்றை அடுத்து இரண்டாம் வீதி, மூன்றாம் வீதி என்று வரிசை வரிசையாகத் தெருக்கள்.

நேரான தெருவில் காற்று வரும். வெளிச்சம் வரும். சாக்கடை வாட்டமாக ஓடும். குப்பை வண்டியும் தடையில்லாமல் போகும்.

இந்த நல்ல அடித்தளத்தின் மேல் சாஸ்திரியார் நகரத்தைத் திருத்தி அமைத்தார். பொது அலுவலகங்களுக்குப் பெரிய கட்டடம் எழும்பியது. ரோடுகள் சீர்ப்பட்டன. 1884-ல் தபாலும் தந்தியும் வந்தன. திட்டமிட்டு அமைந்த நகரம் என்று புதுக்கோட்டை பெயர் வாங்கியது.

குளத்துக்கு வைத்தியம்

இவற்றோடு அவர் புதுக்குளத்தையும் பல்லவன் குளத்தையும் சீர்திருத்தினார்.

குளத்தைச் சீர்திருத்துவது என்றால் என்ன? மேலே மிதக்கும் பாசியை அள்ளிப் போட்டால் போதும் என்று சிலர் நினைக்கலாம். அது நோயாளிக்குப் பவுடர் பூசுவதுபோலத்தான்.

முதலில் தண்ணீரை வடிக்க வேண்டும். பிறகு அடியில் பல காலமாகப் படிந்து கிடக்கும் சேற்றை வெட்டி எடுக்க வேண்டும். இதைத்தான் தூர் வாருதல் என்கிறோம். எடுத்த வண்டல் வீணில்லை. வயலில் கொட்டினால் நல்ல உரம். அடுத்தது கரையைப் பலப்படுத்த வேண்டும். படித்துறையின் கற்களைச் சரியாகப் பொருத்த வேண்டும். மிஞ்சிய நீர் வெளியேறும் வழியைத் திறந்துவிட வேண்டும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வரத்துக் கால்வாய். நல்ல மழைநீரைக் குளத்துக்குக் கொண்டுவருவது அதுதான். அதில் வீட்டுச் சாக்கடை கலந்துவிட்டால் செய்த வேலை எல்லாம் பாழ். ஒரே ஒரு மழைக்காலம் போதும். குளம் பழையபடி ஆகிவிடும்.

ஆகவே, குளத்துக்குச் செய்கிற வைத்தியம் குளத்தில் தொடங்குவதில்லை. தெருவில் தொடங்குகிறது. அதற்கும் முன்னால் அடுப்படியில் தொடங்குகிறது.

கல்கத்தாவில் கிடைத்த சாட்சி

சாஸ்திரியார் புதுக்கோட்டையில் திவானாக இருந்த அதே சமயத்தில், கல்கத்தாவில் உலகமே வியந்த ஒரு காரியம் நடந்தது.

ராபர்ட் காக் என்ற ஜெர்மன் டாக்டர் காலராவின் காரணத்தைத் தேடி இந்தியாவுக்கு வந்திருந்தார். 1884-ன் தொடக்கத்தில் அவர் காலராக் கிருமியைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். நோய் பரவிய ஒரு பகுதியில் இருந்த குளத்து நீரைச் சோதித்தார். அதிலும் அதே கிருமி இருந்தது!

நோயாளியின் துணிகளை அந்தக் குளத்தில்தான் அலசியிருந்தார்கள். சுற்றிலும் குடியிருந்தவர்கள் அதே தண்ணீரைக் குடித்துவந்தார்கள்.

வாந்திபேதி எப்படி வருகிறது என்று தெரியாமல் ஜனங்கள் பல நூற்றாண்டுகள் தவித்தார்கள். தெய்வக் குற்றம் என்றார்கள். கெட்ட காற்று என்றார்கள். உண்மையில் கிருமி குடத்துத் தண்ணீரில் ஒளிந்து வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. குளத்தைச் சுத்தம் செய்வது அழகுக்காகச் செய்யும் காரியம் இல்லை, உயிர் காக்கும் காரியம் என்பதற்கு விஞ்ஞானமே சாட்சி சொல்லிவிட்டது.

தீராத ஒரு குறை

அந்தக் காலத்தின் ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அந்நாளில் தமிழ்நாட்டில் எல்லாக் குளத்திலும் எல்லாரும் இறங்க முடியாது. சாதிக் கட்டுப்பாடு குறுக்கே நின்றது. தெருவைக் கூட்டியவர்களும் கழிவை அள்ளியவர்களும் எந்த மக்களோ, அந்த மக்களுக்கே பல ஊர்களில் நல்ல குளம் மறுக்கப்பட்டது. ஊரைச் சுத்தமாக்கியவர்களுக்குச் சுத்தமான தண்ணீர் இல்லை!

ஒரு திவான் போட்ட உத்தரவால் தீரக்கூடிய நோய் அல்ல அது. அதற்காகப் பின்னால் எத்தனையோ பேர் போராட வேண்டியிருந்தது. சேற்றை ஒரு கோடையில் வாரிவிடலாம். மனத்தில் படிந்த சேற்றை வாரப் பல தலைமுறை ஆகிறது.

சிறுவன் ராஜா, முதியவர் ரீஜண்ட்

1886-ல் ராஜா ராமச்சந்திர தொண்டைமான் காலமானார். பட்டத்துக்கு வரவேண்டிய மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அப்போது பதினோரு வயதுச் சிறுவர். அவருக்கு வயது வரும்வரை சாஸ்திரியாரே திவான்-ரீஜண்டாக இருந்து ஆட்சியை நடத்தினார்.

அந்த நாட்களில் செய்த இன்னொரு காரியமும் ஜனங்களின் கையில் புழங்கியது. அதுதான் அம்மன் காசு. ஒரு பக்கம் பிரகதாம்பாள் உருவம். மறுபக்கம் 'விஜய' என்ற தெலுங்கு எழுத்து. மிகச் சிறிய செப்புக்காசு. புதுக்கோட்டையில் நவராத்திரியின்போது அரிசியோடு சேர்த்துக் கொடுத்துவந்த காசு அது. முன்பு கையால் அடித்த காசுக்குப் பதிலாக, 1889-ல் இயந்திரத்தில் அச்சடித்த ஒழுங்கான காசு வந்தது.

1894-ல் இளைய ராஜா ஆட்சிப் பொறுப்பை ஏற்றார். ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைத்துவிட்டுச் சாஸ்திரியார் விலகினார். அப்போது அவருக்கு வயது 66. பிறகு கும்பகோணத்தில் அமைதியாக வாழ்ந்தார்.

1902-ல் அவருக்குச் 'சர்' பட்டம் வந்தது. அடுத்த ஆண்டு, 1903-ல், அவர் காலமானார்.

அமராவதியிலிருந்து புறப்பட்ட ஏழைப் பிள்ளை இரண்டு சமஸ்தானங்களின் திவானாக இருந்து மறைந்தார்.

இன்றைய அடுப்படி

காலம் மாறிவிட்டது. 1948-ல் புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. 1974-ல் புதுக்கோட்டை தனி மாவட்டம் ஆயிற்று. 2024-ல் நகரம் மாநகராட்சியாக உயர்ந்தது. படித்துறையில் இறங்கிக் குடம் முக்கிய காலம் போய், வீட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறது.

அடுப்படியும் மாறிவிட்டது. கழுநீர்ப் பானை போய், பாத்திரம் கழுவும் சிங்க் தொட்டி வந்துவிட்டது. சில வீடுகளில் சிங்கின் அடியில் கழிவை அரைக்கும் மின்சார இயந்திரம்கூட வைத்திருக்கிறார்கள். இதை 1927-ல் கண்டுபிடித்தவர் ஜான் ஹாம்ஸ் என்ற அமெரிக்கர். அவர் கட்டடக் கலைஞர். மிச்சம் மீதியைத் தூளாக அரைத்துத் தண்ணீரோடு குழாயில் அனுப்பிவிடும் இயந்திரம் அது.

இந்த இயந்திரத்துக்கும் எல்லை உண்டு. வாழை நார், தேங்காய் நார், முருங்கைச் சக்கை ஆகியவற்றைப் போட்டால் சிக்கிக்கொண்டு நின்றுவிடும். எண்ணெயை ஊற்றினால் குழாய்க்குள் உறைந்து அடைக்கும். சோற்றைக் குவியலாகத் தள்ளினாலும் அடைப்புத்தான். இயந்திரம் நின்றுவிட்டால் முதலில் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். உள்ளே கையை விடவே கூடாது. சிக்கியதை இடுக்கியால் எடுத்த பிறகுதான் மறுபடி ஓட்டிப் பார்க்க வேண்டும்.

புது இயந்திரம் வாங்கி மாட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். அரைத்த கழிவு சிங்கிலிருந்து இறங்கி எங்கே போகிறது? பாதாளச் சாக்கடை இருந்து, முடிவில் சுத்திகரிக்கும் நிலையமும் இருந்தால் நல்லது. திறந்த சாக்கடைக்குப் போனால் என்ன ஆகும்? அது வரத்துக் கால்வாயைத் தேடும். கால்வாய் குளத்துக்குப் போகும். இயந்திரம் கழிவின் உருவத்தை மாற்றியதே தவிர, அது போகும் வழியை மாற்றவில்லை.

இயந்திரம் இல்லாத வீட்டாரும் வருந்த வேண்டாம். காய்கறித் தோலையும் மிச்ச உணவையும் தனியாக ஒரு வாளியில் சேர்க்கலாம். பிளாஸ்டிக்கை அதில் கலக்கக்கூடாது. கொல்லை இருந்தால் குழி வெட்டி மக்க வைக்கலாம். மாடி வீட்டில் ஒரு தொட்டியில் மண்ணோடு சேர்த்து மக்க வைக்கலாம். இல்லாவிட்டால் தரம் பிரித்துத் துப்புரவுப் பணியாளரிடம் கொடுக்கலாம். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து கட்டிக் கொடுத்தால், அதைக் கையால் கிளறிப் பிரிக்கிறவரும் ஒரு வீட்டின் தாயோ தகப்பனோதான்.

சாஸ்திரியார் சமஸ்தானத்தின் கணக்கை நேராக்கினார். அதில் மிஞ்சிய பணத்தில் குளத்தைக் காப்பாற்றினார். அவ்வளவு பெரிய அதிகாரம் நம் கையில் இல்லை. அடுப்படி வாளி இருக்கிறது. இன்று இரவு பாத்திரம் கழுவும்போது தட்டில் ஒட்டியிருக்கும் சோற்றைச் சிங்கில் தள்ளாமல் வழித்து வாளியில் போடுங்கள். நாளை பெய்யும் மழை குளத்துக்குச் சுத்தமாகப் போய்ச் சேரும்.